ஒரு கட்டை கீழே

ஜனவரி 9, வியாழன்

வேட்டி எடுத்ததற்கு ஜவுளிக்கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடை முதலாளி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். "அவரு பாத்துக்கிட்டே இருக்காரு, பொய் எழுதாதீங்க" என்கிறாள் பிலோமினா. கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் பெண்டாட்டி எதைச் சொன்னாலும் ஒரு ஊசி வைத்துத்தான் சொல்வாள்.

காலையில் ஊறுகாய் பாட்டில் மூடி அசையவே இல்லை. இந்தக் கம்பெனிக்காரர்கள் மெஷினை வைத்து முறுக்கிவிடுகிறார்கள், மனுஷன் கையால் திறந்து சாப்பிடுவான் என்ற நினைப்பே கிடையாது. பிலோ வாங்கி ஒரே திருகு, திறந்துகொண்டது. முக்கால்வாசி நான் திறந்து வைத்ததைத்தான் அவள் திறந்தாள். அதைச் சொன்னேன். "சரிங்க" என்றாள்.

நேற்று வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ரிசப்ஷனில் எங்கள் குழுவின் கச்சேரி. நாங்கள் மலைப்பாட்டு என்று சொல்கிற அந்தப் பழைய சினிமாப் பாட்டின் இடையிசையில் என் கிட்டார் கொஞ்சம் தடுமாறிவிட்டது. கொஞ்சம்தான். மானிட்டர் ஸ்பீக்கர் கரகரவென்று இருந்தது, மார்கழிப் பனி வேறு, கம்பியெல்லாம் விறைத்துப்போயிருந்தது. பந்தியில் பாயசத்துக்கு அடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? கீபோர்டு வாசிக்கிற நிக்சன் மட்டும் திரும்பிப் பார்த்தான். அவன் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் வீணை, இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல், ஏன், கிட்டார்கூட வரும். அந்தப் பிளாஸ்டிக் கிட்டாரைக் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

கந்தவேல் அண்ணனுக்குக் குரல் போய்விட்டது!

ஆச்சரியக்குறி போட்டிருக்கக் கூடாது. எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

கந்தவேல் மெல்லிசைக் குழு என்றால் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. அண்ணன்தான் முதலாளி, அண்ணன்தான் பாடகர். 'தேன்குரல் திலகம்' என்று பட்டம் வேறு. கொடுத்தது ஒரு போர்வெல் கம்பெனி. நோட்டீஸில் அவர் படத்துக்குக் கீழே 'அசல் சுருதி மாறாமல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சினிமாவில் ஒரு பாட்டு எந்தச் சுருதியில் வந்ததோ அதே உயரத்தில்தான் பாடுவார். எட்டாமல் இறக்கிப் பாடுகிற மற்ற குழுக்காரர்களை நக்கலடித்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

அவர் இன்றைக்கு ஒத்திகையில் செருமினார். சாதாரணச் செருமல் இல்லை. நாடகத்தில் ராஜா உள்ளே வருவதற்கு முன்னால் செருமுவாரே, அது.

"ஏம்ப்பா, இனிமே என் பாட்டையெல்லாம் ஒரு கட்டை எறக்கிக்கிருவோம். வயசாகுதுல்ல, மேல போனா தொண்டை பிடிக்குது."

நிக்சன் "சரிண்ணே" என்றான். அவனுக்கென்ன, ஒரு பொத்தானை அமுக்கினால் பெட்டியே ஒரு கட்டை இறங்கிக்கொள்ளும். நான் ஆறு கம்பியையும் தளர்த்த வேண்டும். குழுவின் பாடகி சுகுணா பாடுகிற பாட்டெல்லாம் அசல் சுருதியிலேயே இருக்கும், அவள் குரலுக்கு ஒரு கேடும் வரவில்லை. ஒரு பாட்டு அவள், ஒரு பாட்டு அவர் என்றால் நான் மேடையில் உட்கார்ந்து முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருப்பதா?

அதற்கும் வழி வைத்திருந்தார். கறுப்பாக ஒரு புதுக் கிட்டாரை எடுத்து நீட்டினார்.

"உன் பழசு அசல் சுருதியிலயே இருக்கட்டும். இதை ஒரு கட்டை எறக்கி வச்சுக்க. மாத்தி மாத்தி எடுத்து வாசி."

வாசித்துப் பார்த்தேன். பாடகருக்குக் கிட்டார் வாங்கத் தெரியுமா? வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பதுபோல மெல்லிசான கம்பி, அதுவும் கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இறக்கியதும் தொளதொளவென்று ஆகிவிட்டது. விரலை வைப்பதற்குள் அழுந்திவிடுகிறது.

"வசதியா இருக்கா எட்வினு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"உங்க தொண்டைக்காகப் பொறுத்துக்கிறேண்ணே" என்றேன். நல்லா உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். மனுஷன் சிரிக்கிறார்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று ஒரு காதுகுத்து. இரண்டு கிட்டாரோடு முதல் மேடை. சுகுணா பாட்டு முடிந்ததும் பழசிலிருந்து ஜாக்கைப் பிடுங்கிப் புதுசில் செருகினேன். சத்தத்தைக் குறைக்காமல் பிடுங்கித் தொலைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் 'டமார்'. மொட்டையடித்துச் சந்தனம் பூசி மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டது. வெடி போட்டது யாரென்று மாமன் வகையறா அப்பா வகையறாவைப் பார்த்து முறைத்தது. ஏற்கனவே சீர் விஷயத்தில் புகைச்சலாம்.

அண்ணன் மைக்கைப் பிடித்து, "நம்ம எட்வின் வெடி போட்டு வாழ்த்துறாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுறுசுறுவென்று வந்தது. குரல் போனது அவருக்கு, கோமாளி வேஷம் எனக்கா?

ஜனவரி 20, திங்கள்

"ரெண்டைக் கட்டிக்கிட்டா அப்பிடித்தான் வெடிக்கும்" என்கிறாள் பிலோ. கிட்டாரைத்தான் சொல்கிறாள்.

ஜனவரி 27, திங்கள்

நிக்சன் ஒரு சின்ன இரும்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு கிட்டாரையும் அதிலேயே செருகி வைத்துவிட வேண்டும். காலால் ஒரு மிதி மிதித்தால் பழசு வாயை மூடிப் புதுசு பேசும். இன்னொரு மிதி, புதுசு மூடிப் பழசு பேசும். சத்தமே வராது. நல்ல சாமான்தான். அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் சத்தம் ஒரு பாதிதான், உடம்பு இன்னொரு பாதி. நேற்று பழசின் பெல்ட்டைத் தலை வழியாகக் கழற்றும்போது அது மூக்குக்கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் பாட்டு முழுவதையும் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். முன் வரிசையில் யாரோ கையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மின்விசிறியைப் போடச் சொல்லி ஆட்டியிருக்கிறார்.

இன்று மத்தியானம் முழுக்கப் பீரோக் கண்ணாடி முன்னால் பயிற்சி. பழசைக் கழற்று, இடது பக்க ஸ்டாண்டில் வை, வலது பக்கம் புதுசை எடு, மாட்டு, மிதி. பார்க்காமலே செய்ய வேண்டும். பார்த்துச் செய்தால் அது வேலை, பார்க்காமல் செய்தால்தான் வித்தை.

பிலோ ஒரு சட்டியில் வெந்நீரும் உப்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "கையை இதுல விடுங்க." ஏன் என்றேன். "சும்மாதான், அடுப்பு காலியா இருந்துச்சு" என்றாள். இவளுக்குப் பொழுது போகவில்லை. விட்டேன், இதமாக இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று ஒட்டன்சத்திரத்தில் கச்சேரி. சுகுணாவுக்கும் அண்ணனுக்கும் மாறி மாறிப் பாட்டு. ஒரு தடவைகூடத் தடங்கல் இல்லை! பெல்ட் எங்கும் மாட்டவில்லை, சத்தம் வரவில்லை, தாளம் நழுவவில்லை. சுகுணாவின் கடைசி வரியில் கிட்டார் கிடையாது. அந்த வரிக்குள் பழசைக் கழற்றிப் புதுசை மாட்டி நிற்கிறேன், அண்ணன் தொடங்குகிறார், நானும் தொடங்குகிறேன்.

ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை.

அதுதான் இந்த வித்தையின் லட்சணம். சொதப்பினால் மொத்த மண்டபமும் பார்க்கும். சரியாகச் செய்தால் ஒருத்தனும் பார்க்க மாட்டான். வீட்டுக்கு வந்து பிலோவிடம் சொன்னேன். "நான் கை தட்டவா?" என்றாள். தட்டினாள். அதுவும் குத்தல்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சுருதி போலீஸ் வந்துவிட்டார்.

பேர் நமச்சிவாயம். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஒரு சின்ன சுருதிக் குழல் வைத்திருப்பார். எந்தக் குழு கச்சேரி என்றாலும் முன் வரிசையில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கியதும் குழலை ஒரு ஊது ஊதிப் பார்ப்பார். அசல் சுருதி என்றால் தலையாட்டுவார். இல்லையென்றால் பக்கத்து நாற்காலிக்காரனிடம் தொடங்கி ஊர் முழுக்கச் சொல்வார். வீட்டில் மனுஷனை யாரும் மதிப்பதில்லை போல.

நேற்று கச்சேரியில் அண்ணன் பாட்டுக்கு நமச்சிவாயம் ஊதினார். முகம் சுருங்கிவிட்டது. முடிந்ததும் மேடைக்கே வந்துவிட்டார்.

"என்ன கந்தவேலு, கட்டை எறங்கியிருக்கு? நீயுமா?"

அண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டு, "வயசாயிருச்சுங்கய்யா" என்றார். முப்பது வருஷமாக அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தவர் கூனிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பாதி, நல்லா வேணும் பாதி.

திரும்பும்போது வேனில் அண்ணன் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு மலைப்பாட்டை முணுமுணுத்தார். அசல் சுருதி. அனுபல்லவியில் மேலே போகிற இடம்வரை போனார், முகம்கூடச் சுளிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு இருமினார். வேனில் யார் வேண்டுமானாலும் பாடலாம். மேடையில் பாடட்டும் பார்க்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊறுகாய்க் கம்பெனிக்காரர்களுக்குப் புத்தி வந்திருக்கிறது. இப்போதெல்லாம் மூடி தொட்டாலே திறக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலும் அப்படித்தான்.

சட்டைப் பொத்தான்தான் மோசம். துளையை என்ன இவ்வளவு சின்னதாக வைக்கிறான் தையல்காரன்? பிலோ போட்டுவிட்டாள். கல்யாணமான புதிதில்கூடப் போட்டுவிட்டதில்லை. காதலர் தினமாம் இன்று, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். "டாக்டர்ட்ட ஒரு எட்டு போய்ட்டு வருவோமா?" என்றாள். சட்டைக்கு எதற்கு டாக்டர்?

இன்னும் ஒன்பது நாளில் குழுவின் முப்பதாம் ஆண்டு விழா. சுகுணா பாட்டும் அண்ணன் பாட்டும் நிறுத்தாமல் கோத்து ஒரே மூச்சில். கடைசியில் மலைப்பாட்டு. அது கிட்டார் தனியாகத் தொடங்குகிற பாட்டு. அண்ணனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான், எனக்கும் அதுதான்.

"மலைப்பாட்டையும் எறக்கித்தானே?" என்று கேட்டேன், வேண்டுமென்றே.

"எறக்கித்தாண்டா" என்றார். "நமச்சிவாயம் முன் வரிசையில் இருப்பார்" என்றேன். "இருந்துட்டுப் போறாரு. நீ புதுசை மாத்த மறந்துறாத, அதான் முக்கியம்" என்றார். எனக்கே சொல்லித்தருகிறார்!

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று விழா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். கோத்துப் பாடுகிற கட்டம் வந்தது. பழசு, புதுசு, பழசு, புதுசு. கை தானாகப் போய் வந்தது. சுகுணாவின் கடைசிப் பாட்டு, கடைசி வரி. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டி மலைப்பாட்டுக்குத் தயாராக நின்றேன்.

"ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். சுகுணாவுக்கு.

கோத்துப் பாடும்போது நடுவில் ஒன்ஸ்மோர் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் எங்கள் அண்ணன் ஒன்ஸ்மோருக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. தலையாட்டிவிட்டார். நான் புதுசைக் கழற்றி மறுபடி பழசை மாட்டினேன். சுகுணா பல்லவியைப் பாடினாள். அந்தக் கடைசி வரிக்காகக் காத்திருந்தேன். அவளோ அதற்கு முன்பே நிறுத்திக் கும்பிட்டுவிட்டாள். கைதட்டல். அண்ணன் மைக் அருகே வந்து கையை உயர்த்தினார். மண்டபம் கப்சிப். எல்லாரும் என் கிட்டாருக்காகக் காத்திருக்கிறார்கள். என் தோளில் பழசு.

நிறுத்தி மாற்றியிருக்கலாம். கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் அத்தனை பேர் பார்க்க, அந்த அமைதியில், எட்வின் பெல்ட்டைத் தடவிக்கொண்டு நிற்பதா? பீரோக் கண்ணாடி முன்னால் அத்தனை நாள் ஆடியது இதற்கா? பழசிலேயே தொடங்கிவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்: இவர் மேலே போய்த் தொண்டை கிழிவதை ஊர் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது.

நமச்சிவாயம் குழலை ஊதிப் பார்த்தார். எழுந்து நின்று தலைக்கு மேலே கைகூப்பினார், தேர் பார்ப்பவர் மாதிரி. நிக்சன் சட்டென்று பொத்தானை அமுக்கிப் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டான். அண்ணன் திரும்பினார். என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் இடது கையைப் பார்த்தார்.

பாடினார். அசல் சுருதியில். பல்லவி, அனுபல்லவி, எங்கும் பிசிறு இல்லை. மேலே போகிற இடத்தில் போய், அங்கேயே நின்று, போதாதென்று ஒரு சங்கதி வேறு போட்டார்.

அடுத்து என் இடையிசை. பழசில் கம்பி முழு இறுக்கத்தில் இருந்தது. மோதிர விரல் மடங்கியது, மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. நிமிர்த்தப் பார்க்கிறேன், வரவில்லை. இரண்டு சுரம் வந்தது, மூன்றாவது காற்று.

அந்தக் காற்றுக்குள் அண்ணன் வந்துவிட்டார். என் கிட்டார் வாசிக்க வேண்டியதை "லாலல லா" என்று வாயால் பாடினார், ஒரு சுரம் விடாமல், நெளிவு சுளிவோடு. முன்பே ஏற்பாடு செய்ததாக்கும் என்று கூட்டம் விசிலடித்தது. நான் கிட்டாரை மாரோடு பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சில நாள் சிலருக்குக் குரல் அப்படி அமைந்துவிடும். மிளகு போட்டு நாட்டுக்கோழிச் சாறு குடித்திருப்பார்.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று ஒரு வளைகாப்பு. ஒத்திகையில் அண்ணன் அந்த ராஜா செருமலைச் செருமி, "விழாவுல கத்தினதுல தொண்டை புண்ணாப் போச்சுப்பா. பழையபடி எறக்கிக்கிருவோம்" என்றார். முப்பது வருஷமாக மேடையில் நிற்கிறார், நடிக்க மட்டும் வரவில்லை. செருமும்போது சிரிப்பு வாயோரத்திலேயே தெரிகிறது.

ஒன்றும் கேட்காமல் புதுசை எடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் வலி இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

டீக்கடையில் நமச்சிவாயம் கச்சேரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"விழாவுல மட்டும் அசல் சுருதி, முன்னயும் பின்னயும் ஒரு கட்டை கீழ. எப்பிடி? நான் சொல்றேன். விழாவுல பாடினது கந்தவேலு இல்ல. அந்தக் கீபோர்டு பெட்டிக்குள்ள எப்பவோ பாடி வச்சதை ஓடவிட்டு, இவன் வாயை வாயை அசைச்சிருக்கான். அந்த லாலல லாவும் ரெக்கார்டுதான்!"

ஏழெட்டுப் பேர் "ஆமாமா" என்கிறார்கள். கேட்டரிங்காரர் ஒருவர், கிழக்குத் தெருக் கல்யாணத்துக்குக் கந்தவேலை வேண்டாம் என்றுவிட்டார்கள், வாயசைக்கிறவனுக்கு எதற்கு மேடை என்று சொல்லிவிட்டார்களாம், என்றார்.

"யோவ், நான் பக்கத்துல நின்னவன்யா. அவருதான் பாடினாரு" என்றேன்.

"அப்ப இப்ப ஏன் எறக்குறாரு? அதைச் சொல்லு."

வாயில் டீ இருந்தது. விழுங்கினேன். "சூடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பிலோவைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"அண்ணன் குரலுக்கு ஒண்ணுமில்லைன்னு."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஜனவரியில அந்த ரிசப்ஷன் முடிஞ்ச மறுநாளே நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அவரு வெரலு பூட்டிக்கிருதுண்ணே, பாட்டிலு மூடிகூடத் தெறக்க முடியலண்ணேன்னு. நேரா கேட்டுறாதீங்க, குழுவை விட்டே நின்னுருவாருன்னும் சொன்னேன். நான் பாத்துக்கிறேம்மான்னாரு. நீங்க வாசிக்கணும், அதான் அவருக்கு வேணும்."

கத்தினேன். என்னைக் கைப்பிள்ளையாக்கி ஆளுக்கொரு பக்கம் தாங்கினீர்களா என்று கத்தினேன். சாப்பிட மாட்டேன் என்றேன். இரண்டு மணிக்குச் சாப்பிட்டேன், கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

மனுஷன் பேரையே அடகு வைத்திருக்கிறார். நான் இந்த டைரியில் போர்வெல் கம்பெனி என்று எழுதிக் கிழித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

நேற்று சாயங்காலம் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. ஒன்றும் தீர்மானித்துக்கொண்டு போகவில்லை. இரண்டு கிட்டாரையும் எப்போதும்போலச் சுருதி சேர்த்து வைத்தேன்.

சுகுணா இரண்டு பாட்டுப் பாடி முடித்தாள். அண்ணன் மைக்குக்கு வந்தார். நான் சத்தமில்லாமல் புதுசுக்கு மாறிவிட்டேன். அழகாகத்தான் மாறினேன். முன் வரிசையில் இருந்து நமச்சிவாயம் எழுந்தார்.

"கந்தவேலு! இன்னைக்கு ரெக்கார்டு போடலியா? பெட்டியில கரண்ட் இல்லியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்னால் இருந்த இளவட்டங்கள் "வாயசை! வாயசை!" என்று தாளம் போட ஆரம்பித்தன. அண்ணன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "வயசாயிருச்சுங்கய்யா, மன்னிச்சுக்கங்க" என்றார்.

மன்னிச்சுக்கங்க என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேராகப் போய்ச் சுகுணாவின் மைக்கைப் பிடுங்கினேன். முப்பது வருஷத்தில் நான் மைக்கில் பேசினதே இல்லை. என் குரல் ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டு நானே பயந்துவிட்டேன்.

"ஐயா, உங்க குழலைக் கொஞ்சம் பையில போடுங்க. அண்ணன் குரலுக்கு ஒரு கொறையும் இல்ல. விழாவுல பாடினது அவருதான். அவரு எறக்கினது எனக்காக. எனக்கு வெரலு மடங்கினா நிமிர மாட்டேங்குது. இறுக்கமான கம்பியை அமுக்க முடியல. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. பழியை அவரு தன் தொண்டை மேல போட்டுக்கிட்டாரு. நானும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி வாசிச்சுக்கிட்டிருந்தேன்."

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்கிறவன் மாதிரி நின்றிருப்பேன். மோதிர விரல் சொன்னபடி மடங்கியே இருந்தது. ஒரு நாளாவது எனக்குச் சாட்சி சொன்னது.

அண்ணன் மைக்கில், "கிட்டார்க்காரனுக்கு மைக்கைக் குடுத்தா இதான் கதி. நீங்க கச்சேரிக்கு வந்தீங்களா, ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. மைக்கை மூடிக்கொண்டு என்னிடம், "ஏண்டா இப்பிடிப் பண்ணிப்புட்ட?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"அசல் சுருதியிலயே பாடுங்கண்ணே. நான் பழசுல வெறும் தாளத்துக்குத் தட்டிக்கிட்டு வாறேன். முகப்பும் இடையிசையும் நிக்சன் வாசிக்கட்டும்."

"பிளாஸ்டிக் கிட்டாரா?" என்றார். நான் சொல்லித் திரிந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"அதான்."

புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டினேன். அவசரப்படவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட் காதில் மாட்டி, கண்ணாடி மறுபடி கீழே விழுந்தது. சுகுணா எடுத்துக் கொடுத்தாள்.

மலைப்பாட்டு. நிக்சன் தொடங்கினான். இடையிசையில் மூன்றாவது வளைவில் நான் ஒரு இழுப்பு இழுப்பேன். சினிமாவில் அது கிடையாது, நானாகச் சேர்த்தது. அவன் அதையும் வாசித்தான். வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷம் அவன் திரும்பிப் பார்த்ததெல்லாம் என் தப்பைப் பார்க்க என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் கிட்டார் கேட்கிற மாதிரிதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மேலே போய் நின்றார். நமச்சிவாயம் குழலை எடுக்கவே இல்லை.

கச்சேரி முடிந்ததும் வந்தவனெல்லாம் என் கையைப் பிடித்துப் பார்த்து ஆளுக்கொரு தைலம் சொன்னான். நமச்சிவாயம் நண்டுக் கொழுப்பு என்றார். சுருதியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா இந்த மனுஷன்?

மார்ச் 16, ஞாயிறு

டாக்டரைப் பார்த்தாயிற்று. ஊசி போட்டிருக்கிறார். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார். இதைச் சொல்ல ஏழு வருஷப் படிப்பு. அதுவரை குழுவில் நான் தாளத்துக்குத் தட்டுகிறவன். கிழக்குத் தெருக் கல்யாணம் மறுபடி வந்துவிட்டது. அண்ணன் நோட்டீஸில் 'அசல் சுருதி மாறாமல்' என்பதை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார். போர்வெல் பட்டத்தையும் விடவில்லை.

இன்றைக்கு ஒரு கிட்டாரோடு போனேன். புதுசை நிக்சனிடம் கொடுத்துவிட்டேன். இடையிசையைப் பெட்டியில் வாசிப்பவன் நிஜத்திலும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும்.

காலையில் இட்லிக்கு ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். தொட்டதும் திறந்துகொண்டது. கம்பெனிக்காரனுக்குப் புத்தியெல்லாம் வரவில்லை. மூடியே பாதிதான் மூடியிருந்தது. எண்ணெய் பாட்டிலைப் பார்த்தேன், அதுவும் பாதி. காப்பித்தூள் டப்பா, பாதி.

பிலோ பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிமே நல்லா இறுக்கி மூடி வை" என்றேன். "எறும்பு வருது."

"அப்புறம் யாரு தெறக்குறதாம்?"

"உன்னையக் கூப்பிடுறேன்" என்றேன்.